புள்ளி நாய்கள் நூற்றொன்று: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று, 1961இல் வந்த டிஸ்னியின் ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷன்ஸ்’ கார்ட்டூன் படத்தைச் சென்ற இதழில் சொல்லியிருந்தோம். கதை தெரியாதவர்களுக்காக இரண்டே வரி: லண்டனில் பாங்கோ, பெர்டிட்டா என்று ஒரு டால்மேஷன் ஜோடி. அவற்றின் குட்டிகளைத் தோலுக்காகத் திருட ஆள் அனுப்புகிறாள் க்ரூயெல்லா டி வில். தாயும் தகப்பனும் தேடிப்போய் மீட்டு வருகின்றன. வந்த கடிதங்களில் பாதி படத்தைப் பற்றியவை, பாதி நாயைப் பற்றியவை. படத்துக்கு ஒருவர், நாய்க்கு ஒருவர் என இருவராகப் பதில் எழுதியிருக்கிறோம்.

என் மகள் படத்தை நிறுத்தி நிறுத்திக் குட்டிகளை எண்ணுகிறாள். 101 வரவே இல்லை என்று சண்டை. கணக்கு எப்படி?
– வாசகி, மயிலாப்பூர்

ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) 101ஐயும் எண்ண முயன்றால் வராது. கதைக்குள் இருக்கும் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். பெர்டிட்டா ஈன்றவை 15. அவற்றைத் தேடிப்போன இடத்தில் க்ரூயெல்லா ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தவை 84. ஆகக் குட்டிகள் 99. பாங்கோவும் பெர்டிட்டாவும் சேர்ந்தால் 101.

டோடி ஸ்மித் 1956இல் எழுதிய நாவலில் கணக்கு வேறு. அங்கே பாங்கோவின் துணைவி பெயர் மிஸ்ஸிஸ். அவள்தான் 15 குட்டி போடுகிறாள். பெண் நாய்க்குப் பெரும்பாலும் 8 அல்லது 10 முலைக்காம்புகள். 15 குட்டிக்குப் போதாது. அதனால் பால் கொடுக்க இன்னொரு தாய் நாயை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவள்தான் பெர்டிட்டா. குட்டிகள் 97, பெரியவை மூன்று, ஆக 100. கடைசியில் பெர்டிட்டாவின் துணை பிரின்ஸ் வந்து சேர 101. படத்துக்குக் கதை எழுதிய பில் பீட் இரண்டு தாய்களை ஒருத்தியாக்கிவிட்டார். திரைக்கு அது சரியான முடிவு. ஆனால் 15 குட்டி பிறந்தால் வீட்டில் என்ன நெருக்கடி வரும் என்று நாவலாசிரியை யோசித்திருக்கிறார் பாருங்கள், அது நாய் வளர்த்தவருக்கே தோன்றும் யோசனை.

இதே நிறுவனத்தின் பழைய படங்களில் கோடு மெல்லிசாக, வழவழவென்று இருக்கும். இதில் பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடு தெரிகிறதே. பிரதி மோசமா?
– ஓவியக் கல்லூரி மாணவர், எழும்பூர்

பிரதி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது ஓவியரின் கை வைத்த பென்சில் கோடேதான். அதுவரை வந்த டிஸ்னியின் முழுநீளப் படங்களில் அந்தக் கோடு பெரும்பாலும் நம் கண்ணுக்கு வந்ததில்லை.

பழைய முறை இது: அனிமேட்டர் தாளில் பென்சிலால் வரைவார். மை தீட்டும் பிரிவில் இருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒளி ஊடுருவும் செல் தகட்டை அதன்மேல் வைத்து ஒவ்வொரு கோட்டையும் பேனாவால் நகலெடுப்பார்கள். பிறகு தகட்டின் பின்புறம் வண்ணம். ஒரு நொடிக்கு 24 சட்டம். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்தால்கூட நொடிக்கு 12 படம், அதுவும் ஒரே ஒரு பாத்திரத்துக்கு. 1959இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ இப்படி ஆண்டுக்கணக்கில் இழுத்து, போட்ட பணத்தை முதல் சுற்றில் எடுக்கவில்லை. அடுத்த படத்துக்கு நூறு புள்ளி நாய்கள் என்றால் பழைய வழியில் முடிந்திருக்காது.

டிஸ்னியின் தொழில்நுட்ப நிபுணர் அப் ஐவெர்க்ஸ் ஜெராக்ஸ் இயந்திரத்தை அனிமேஷனுக்குத் தக்கபடி மாற்றினார். மின்னேற்றிய தகட்டின்மேல் ஓவியத்தின் ஒளி பிம்பம் விழும். வெள்ளைப் பகுதியில் மின்னேற்றம் போய்விடும், கறுத்த கோடு இருக்கும் இடத்தில் மட்டும் தங்கும். கறுப்புத் தூள் அங்கே ஒட்டும். அந்தத் தூளை செல் தகட்டுக்கு மாற்றி நிலைக்க வைத்தால் பென்சில் கோடு அப்படியே செல்லில் வந்துவிடும். நம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நடப்பதும் இதே தத்துவம்தான். முழுநீளக் கார்ட்டூன் படம் ஒன்று முழுக்க இந்த முறையில் வந்தது இதுவே முதல் தடவை.

இதில் இரண்டு சங்கடங்கள். கோடு கறுப்பாக மட்டுமே வரும். பாத்திரத்துக்கு ஏற்ற வண்ண மை கிடையாது. அடித்துத் திருத்திய கோடும், உருவம் பிடிக்கப் போட்ட வட்டமும் சேர்ந்தே பதியும். நாய்களின் முதுகிலும் காலிலும் உற்றுப் பாருங்கள், இரட்டைக் கோடு தெரியும். கலை இயக்குநர் கென் ஆண்டர்சன் இதை மறைக்கப் பார்க்காமல் பின்னணியையும் அதே பாணிக்குக் கொண்டுவந்தார். பாங்கோவை வளர்க்கும் ரோஜரின் வீட்டுக் காட்சியில் சுவரையும் பியானோவையும் கவனியுங்கள். வண்ணம் கோட்டுக்குள் அடங்காமல் அங்கங்கே விலகி நிற்கும். பின்னணியில் வண்ணத் திட்டுகளை மட்டும் தீட்டி, கோட்டோவியத்தைத் தனியே செல்லில் ஜெராக்ஸ் எடுத்து மேலே வைத்ததால் வந்த விளைவு அது. வால்ட் டிஸ்னிக்கு இந்தத் தோற்றம் பிடிக்கவில்லை. எங்களுக்குப் படத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. மை தீட்டிய பல பெண்களுக்கு வேலை போனது என்பதும் அதே கதையின் இன்னொரு பக்கம். கோட்டை ரசிக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

க்ரூயெல்லாவின் கார் வளைவில் திரும்பும்போது அவ்வளவு கச்சிதமாக இருப்பதற்கும் இதுவே காரணம். வெள்ளை மாதிரிக் கார் செய்து, விளிம்புகளில் கறுப்புக் கோடு போட்டு, அதைப் படம்பிடித்துக் கோடுகளை செல்லுக்கு மாற்றினார்கள். அதற்குள் உட்கார்ந்திருக்கும் க்ரூயெல்லா மட்டும் அனிமேட்டர் மார்க் டேவிஸின் கைவண்ணம். அந்தக் கன்ன எலும்பு, தோளில் தொங்கும் ரோம அங்கி எல்லாமே அவருடையவை.

ஒவ்வொரு படத்திலும் அத்தனை புள்ளியும் இடம் மாறாமல் எப்படி வந்தது? எங்கள் வகுப்பில் 30 பிள்ளைகள். இதைச் செய்து காட்ட ஏதாவது வழி உண்டா?
– பள்ளி ஆசிரியை, கொளத்தூர்

டிஸ்னி வெளியிட்ட கணக்குப்படி பாங்கோவுக்கு 72 புள்ளி, பெர்டிட்டாவுக்கு 68, குட்டிக்கு 32. படம் முழுக்க 1,13,760 சட்டங்களில் மொத்தம் 64,69,952 புள்ளிகள். அத்தனையையும் கண் அளவில் வைத்தால் ஒவ்வொரு சட்டத்திலும் புள்ளி கொஞ்சம் நகர்ந்து, திரையில் உலை கொதிப்பதுபோல் தோல் நடுங்கும். அவர்கள் கண்ட உபாயம், வானத்தில் நட்சத்திரக் கூட்டத்தை அடையாளம் பிடிப்பது போன்றது. முதலில் ஒரே ஒரு புள்ளியின் இடத்தை உறுதி செய்வது, மற்றவற்றை அதிலிருந்து அளந்து வைப்பது. பிள்ளைகளிடம் மார்கழிக் கோலத்தைச் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நடுப்புள்ளி பிசகினால் ஊடுபுள்ளி எல்லாம் பிசகும்.

வகுப்பில் செய்ய ஒரு வழி. 5 பேராக 6 குழு பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஓர் ஏ4 தாளில் உட்கார்ந்திருப்பது, ஓடுவது, திரும்பிப் பார்ப்பது என மூன்று நிலையில் குட்டி நாயை வரையட்டும். வெறும் வெளிக்கோடு போதும், புள்ளி வேண்டாம். 2பி பென்சில் வேண்டும். எச்பி கோடு ஜெராக்ஸில் மங்கிப்போகும். ஜெராக்ஸ் கடையில் அதே தாளை 71 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் சாதாரணத் தாளில் குறைத்து எடுங்கள். 71 என்றால் ஏ4 சரிபாதியாகும், 50 என்றால் கால்வாசி. குறைத்த இரண்டையும் வெட்டி ஒரே ஏ4 தாளில் ஒட்டினால் அடங்கிவிடும். இப்போது பெரியது ஒரு தாள், சிறியவை ஒரு தாள். இந்த இரண்டையும் ஓஹெச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) இரண்டு பிரதி எடுங்கள். குழுவுக்கு 4 ஷீட், வகுப்புக்கு 24.

ஷீட் வாங்கும்போதுதான் தவறு நடக்கும். ‘லேசர், காப்பியர் மெஷினில் போடும் ஓஹெச்பி ஷீட்’ என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பைரல் பைண்டிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்தால் இயந்திரத்துக்குள் இருக்கும் சூடான உருளையில் உருகி ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் இயந்திரமே பாழாகும்.

வண்ணம் பின்புறத்தில். போஸ்டர் கலர் பிளாஸ்டிக்கில் காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும், அக்ரிலிக் வாங்குங்கள். தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம் தெரியுமல்லவா, அதே முறை: முன்னால் தெரியவேண்டியதை முதலில் தீட்ட வேண்டும். ஆகவே முதலில் கறுப்புப் புள்ளி, கால் மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் வெள்ளை மெல்லிசாக இரண்டு பூச்சு. பிள்ளைகள் பழக்கத்தில் வெள்ளையை முதலில் பூசிவிடுவார்கள். அப்புறம் புள்ளி முன்புறம் தெரியவே தெரியாது. இடது காதுக்குக் கீழே முதல் புள்ளி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, மற்றவற்றை அங்கிருந்து வைக்கட்டும். இரண்டாவது பிரதியைத் திருப்பிப் போட்டுத் தீட்டினால் நாய் எதிர்த் திசையில் பார்க்கும்.

மூன்று நிலை, மூன்று அளவு, இரண்டு திசை: குழுவுக்கு 18 நாய். ஆறு குழுவுக்கு 108. ஏழு கெட்டுப்போனாலும் 101 கைக்கு வந்துவிடும். வெட்டியெடுத்துச் சார்ட்டில் பெரியவற்றைக் கீழேயும் சிறியவற்றை மேலேயும் அடுக்குங்கள். படத்தில் குட்டிக் கூட்டம் பனியில் வரிசையாகப் போகும் காட்சிகளில் ஜெராக்ஸ் கைகொடுத்ததும் இப்படித்தான். ஒரு சில குட்டிகளின் ஓட்டத்தை வரைந்து, அளவும் நேரமும் மாற்றித் திரும்பத் திரும்பப் பதித்தார்கள்.

நான்கு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?
– வாசகர், தாம்பரம்

79 நிமிடப் படம். திருடர்கள் வீட்டுக்குள் நுழைவதும், கடைசியில் க்ரூயெல்லா கண் சிவக்கக் கார் ஓட்டுவதும் சின்னப் பிள்ளைகளைக் கலங்கடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, குட்டிகள் கிடைத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகரெட்டும் பைப்பும் புகைகிற படம் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆறு வயதுக்கு மேல் தயக்கமே வேண்டாம்.

அசைவில்லாமல் பிறந்த குட்டியை ரோஜர் துணியால் தேய்த்துப் பிழைக்கவைக்கிறார். நிஜத்தில் நடக்குமா?
– வாசகி, வில்லிவாக்கம்

நடக்கும். படத்தில் மருத்துவ ரீதியாக மிகச் சரியான காட்சி அது. பிறந்த குட்டியின்மேல் சவ்வு இருந்தால் உடனே கிழித்து, மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துணியால் துடையுங்கள். தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி உள்ளங்கையில் பிடித்து, காய்ந்த துண்டால் முதுகையும் மார்பின் பக்கவாட்டையும் விடாமல் தேய்க்க வேண்டும். தேய்ப்பதுதான் மூச்சைத் தூண்டுகிறது. ஈரம் போவதால் உடம்புச் சூடும் நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் கைவிட்டுவிடாதீர்கள். குட்டியைக் கையில் பிடித்து வீசி ஆட்டும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம், மூளையில் இரத்தக் கசிவு வரலாம். மூச்சு வந்ததும் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பிறந்த முதல் சில வாரங்களில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. மின்விசிறிக் காற்று நேரே படக்கூடாது.

அதே காட்சியில் குட்டிகள் புள்ளியே இல்லாமல் வெள்ளையாக இருக்கும், க்ரூயெல்லா அருவருப்பாள். அதுவும் உண்மை. டால்மேஷன் குட்டி வெள்ளையாகத்தான் பிறக்கும். பத்துப் பதினைந்து நாளில் புள்ளி தெரியத் தொடங்கும்.

படம் பார்த்ததிலிருந்து பையன் டால்மேஷன் கேட்டு அடம்பிடிக்கிறான். மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், அண்ணா நகர்

உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். காரணத்தையும் சொல்கிறோம், பையனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

டால்மேஷன் குதிரை வண்டியோடு கூடவே ஓடுவதற்கென்று வளர்ந்த இனம். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி நன்றாக ஓட விடாவிட்டால் சோபாவைக் கிழிக்கும். சென்னையில் சித்திரை, வைகாசியில் அதற்குக் கிடைக்கும் நேரம் காலை ஆறரைக்கு முன், மாலை ஆறரைக்குப் பின். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. குட்டை முடிதானே, கொட்டாது என்று நினைப்பார்கள். ஊசி ஊசியாக வருடம் முழுக்கக் கொட்டும், துணியில் குத்தி நிற்கும்.

அடுத்தது காது. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. அந்த நூற்றில் எட்டுக்கு இரண்டு காதுமே கேட்கவில்லை. அந்த வெள்ளைத் தோலைத் தருகிற மரபுக்கூறே உட்காதில் நிறமிச் செல்களையும் இல்லாமல் செய்துவிடுகிறது. அவை இல்லாத காது பிறந்த சில வாரத்தில் செத்துப்போகிறது. நீலக் கண் உள்ள குட்டிகளில் ஆபத்து அதிகம். கூட்டத்தில் இருக்கும்போது சோதிக்காதீர்கள்; மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். தனியாக எடுத்துவந்து, அது தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். ஒரு காது மட்டும் கேளாததை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளையின் மின் அலையைப் பதிவுசெய்யும் பேயர் சோதனை வேண்டும். ஐந்து ஆறு வாரத்துக்குப் பிறகு செய்யலாம்.

மூன்றாவது சிறுநீர்க் கல். மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தைக் கல்லீரலில் அலன்டாயின் என்ற எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். டால்மேஷனில் ஒரு மரபணுப் பிசகால் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. யூரிக் அமிலமாகவே சிறுநீரில் இறங்கிக் கல்லாகும். ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், கல் அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் நாய்க்கென்று வாங்கும் ஈரல், மண்ணீரல், மத்தி, நெத்திலி எல்லாமே இதற்கு ஆகாது. முட்டை, தயிர், சோறு, காய் பரவாயில்லை, கோழி அளவோடு. உணவிலேயே தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுங்கள். சிறுநீரை அடக்கிவைக்க விடாமல் ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது கீழே இறக்குங்கள். மூன்றாம் மாடி என்றதும் நாங்கள் யோசித்தது இதைத்தான். காலைத் தூக்கி நிற்கிறது, முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, அன்றே மருத்துவமனை. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

1996இல் இதே கதை மனிதர்கள் நடித்த படமாக வந்தபோது அமெரிக்காவில் பிள்ளைகளுக்காக டால்மேஷன் வாங்கி, சில மாதத்தில் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்கள் என்று செய்திகள் வந்தன. குட்டிகளைப் பறிகொடுத்த தாயின் கதையைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்தது எங்களுக்கு இன்றும் பொறுக்கவில்லை.

நாய்தான் வேண்டும் என்றால் வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்துக்குப் பையனை அழைத்துப் போங்கள். நாட்டு நாய்க்குட்டிக்கு நம் ஊர் வெயில் புதிதல்ல. (ராஜபாளையம் யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் வெள்ளை இனம், காது கேளாமை அதிலும் உண்டு.) எந்த நாயானாலும் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள்.

பிறந்தநாள் விழாவுக்கு எங்கள் வெள்ளை நாய்க்குக் கறுப்புப் புள்ளி வைக்கலாமா? படத்தில் கரியில் புரண்டு நிறம் மாறுகின்றனவே.
– வாசகி, திருவான்மியூர்

வேண்டாம். நாய் நக்கும், பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். தலைமுடிச் சாயம் தோலைப் புண்ணாக்கும். பழைய பருத்திப் பனியனில் கறுப்புத் துணி வட்டம் தைத்து, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் போட்டுப் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

விழா என்பதால் இதையும் சொல்லவேண்டும். 10 கிலோ நாய்க்கு 40 கிராம் டார்க் சாக்லேட்டே வாந்தி, படபடப்பு வரப் போதும். உலர்திராட்சை போட்ட கேக், சைலிடால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் இரண்டும் ஆபத்து. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. குருமா மிச்சத்தைத் தட்டில் வைக்காதீர்கள்.

படத்தில் அந்தி நேரத்தில் ஒரு நாய் குரைக்க, ஊர் ஊராகச் செய்தி போகிறதே. உண்மையில் உண்டா?
– ஏழாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்

லண்டனிலிருந்து சஃபோக் வரை 15 குட்டி காணோம் என்ற விவரம் போவது கற்பனை. ஒன்று குரைத்தால் அடுத்த தெரு நாய் எடுத்துக்கொள்வது நிஜம். இன்று இரவு பத்தரைக்கு மேல், வண்டிச் சத்தம் அடங்கியதும் மொட்டை மாடிக்குப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுப் பார். முதல் குரைப்பு எந்தப் பக்கம், அடுத்தது எத்தனை நொடி கழித்து எந்தப் பக்கம் என்று நோட்டில் ஒரு வாரம் குறித்து வை. நாய் அந்நியரைப் பார்த்துக் குரைக்கும் குரல் கனமாக, அடுக்கடுக்காக வரும்; தனியாக விடப்பட்ட நாயின் குரல் கீச்சென்று, இடைவெளி விட்டு வரும். ஒரு வாரத்தில் உன் காதுக்கே இரண்டும் பிரிந்து தெரியும்.